சுமோ தொடரை நேரில் காணச் செல்வோருக்கு: விசா முதல் அரங்க இருக்கை வரை

ஜப்பான் செல்வோரில் பலருக்குச் சுமோ என்பது பயணத் திட்டத்தின் கடைசி வரியாகத்தான் வருகிறது. விமானமும் விடுதியும் பதிவாகி, ஊர் சுற்ற நாட்களும் ஒதுக்கி முடித்த பிறகு, "ஒரு மாலை சுமோவும் பார்த்துவிடலாம்" என்று தேடும்போதுதான் அந்த மாதத்தில் போட்டியே இல்லை என்பதோ, இருந்தாலும் எல்லா இருக்கைகளும் விற்றுவிட்டன என்பதோ தெரியவருகிறது. நாள், விசா, டிக்கெட் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. அவற்றைச் சரியான வரிசையில் செய்தால் மற்றவை எளிது. சிதறிக் கிடக்கும் இந்த விவரங்களைத் தேடிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டதால், முதன்முறை செல்வோருக்காக இதை எழுதுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். பிற நாட்டினருக்கு இரண்டாம் படியின் பெரும்பகுதி தேவைப்படாது.

1. மாதத்தையும் ஊரையும் முதலில் முடிவு செய்யுங்கள்

தொழில்முறைச் சுமோவில் ஆண்டுக்கு ஆறு பெருந்தொடர்கள் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றும் 15 நாட்கள் நடக்கும். பெரும்பாலும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று தொடங்கி நான்காம் ஞாயிறன்று முடியும். ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் டோக்கியோவின் ரியோகொகு பகுதியிலுள்ள கொகுகிகான் அரங்கிலும், மார்ச்சில் ஒசாகாவிலும், ஜூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுவோகாவிலும் நடைபெறும். இரட்டைப்படை மாதங்களில் பெருந்தொடர் எதுவும் கிடையாது.

நம்மவர்கள் அதிகம் சிக்குவது செர்ரி மலர்க் காலத்தில்தான். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் மலர்கள் மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பூக்கின்றன. ஒசாகா தொடரோ மார்ச் நான்காம் ஞாயிறோடு முடிந்துவிடுகிறது. இரண்டையும் பார்த்தே ஆகவேண்டும் என்றால், தொடரின் கடைசி நாட்களை ஒசாகாவில் கழித்துவிட்டு மலர்களுக்காக மேலும் ஒரு வாரம் தங்க வேண்டியிருக்கும். மே மாதத் தொடருக்குச் செல்வோர், ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை வரும் ஜப்பானியரின் தொடர் விடுமுறையைத் தவிர்ப்பது நல்லது. அந்நாட்களில் விடுதிக் கட்டணம் எகிறிவிடும். தொடர் எப்படியும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதன்முறை செல்பவருக்கு நான் சொல்வது டோக்கியோவின் மே அல்லது செப்டம்பர்தான்: அரங்கு சுமோவுக்கென்றே கட்டப்பட்டது, ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது.

நகோயா செல்வோருக்கு ஒரு குறிப்பு. 2025ஆம் ஆண்டிலிருந்து அங்கே தொடர் புதிய ஐஜி அரினாவுக்கு மாறிவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னமும் கோட்டை வளாகத்திலிருந்த முந்தைய அரங்கையே காட்டுகின்றன.

2. விசாவையும் டிக்கெட் விற்பனை நாளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்

பெரிய குழப்பம் இங்கேதான். டிக்கெட்டுகளின் பொது விற்பனை, தொடர் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன், வழக்கமாக ஒரு சனிக்கிழமை காலையில் திறக்கும். விசாவை அதுவரை தள்ளிப்போட்டால் நெருக்கடியாகிவிடும். மிக முன்னதாக எடுத்தாலும் சிக்கல், ஏனெனில் ஒரு முறை நுழைவதற்கான ஜப்பான் சுற்றுலா விசா, வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். ஆகவே பயணத்துக்கு இரண்டரை மாதத்துக்கும் ஒன்றரை மாதத்துக்கும் இடைப்பட்ட காலமே விண்ணப்பிக்கப் பொருத்தமானது. மே மாத நடுவில் அரங்கில் அமர வேண்டுமென்றால், மார்ச் முதற்பாதியில் விசா விண்ணப்பம், ஏப்ரல் தொடக்கத்தில் டிக்கெட் என்று கணக்கு வரும்.

இந்தியாவில் வசிப்போர் 2024 ஏப்ரல் முதல் மின்னணு விசா பெறுகிறார்கள், விண்ணப்பத்தை வி.எஃப்.எஸ். நடத்தும் ஜப்பான் விசா மையங்களில் அளிக்க வேண்டும், சென்னையிலும் மையம் உண்டு. கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், அண்மைய புகைப்படம், நாள்வாரியான பயணத்திட்டம், விமான முன்பதிவு விவரம், தங்குமிட விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் நகல், வேலையில் இருப்போர் நிறுவனத்திடமிருந்து பெறும் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பயணத்திட்டத்தில் எழுதிய தேதிகள் விமானம், விடுதி ஆகியவற்றின் தேதிகளோடு ஒரு நாள்கூட முரணாக இருக்கக் கூடாது. சுமோ டிக்கெட்டின் நகலை யாரும் கேட்பதில்லை. திட்டத்தில் அந்த நாளுக்கு நேரே "சுமோ தொடர், ரியோகொகு" என்று எழுதினால் போதும். விசாக் கட்டணத்தோடு மையத்தின் சேவைக் கட்டணமும் தனியாக வரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மின்னணு விசாவில் ஒரு பொறி இருக்கிறது. விசா வழங்கப்பட்டதற்கான அறிவிப்பை விமான நிலையத்தில் உங்கள் கைப்பேசியில், இணையத் தொடர்போடு, உரிய தளத்திலேயே திறந்து காட்ட வேண்டும். அச்சுப்படியும், திரையைப் படம் பிடித்து வைத்த நகலும், பிடிஎஃப் கோப்பும் ஏற்கப்படுவதில்லை. தரையிறங்கியதும் இணையம் கிடைக்கும்படி சிம் அல்லது ரோமிங் வசதியை ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியா (சிப் பதித்த கடவுச்சீட்டு), கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா நாட்டினர் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே செல்லலாம்.

விமான டிக்கெட்டைப் பற்றி ஒரு சொல்: தேதியை மாற்ற அனுமதிக்கும் வகையை எடுங்கள், அல்லது தொடர் நடக்கும் ஊரில் வார இறுதி அல்லாத நான்கு நாட்களாவது தங்கும்படி திட்டமிடுங்கள். ஒரே ஒரு மாலையை மட்டும் நம்பி வந்தால், அந்த ஒரு நாளுக்கு இருக்கை கிடைக்காதபோது வேறு வழியே இருக்காது.

3. இருக்கை வகையையும் நாளையும் தேர்ந்தெடுங்கள்

விலைகள் ஊருக்கும் தொடருக்கும் ஏற்ப மாறும்; கீழே தருபவை டோக்கியோ அரங்கை ஒட்டிய தோராயங்கள். அண்மைய மாற்று விகிதத்தில் 100 யென் என்பது 55 முதல் 60 ரூபாய் வரை வரும்.

மேடையைச் சுற்றித் தரையிலேயே மெத்தை போட்டு அமரும் இடத்துக்குத் தமாரி என்று பெயர். ஒருவருக்கு 20,000 யென் அளவில் இருக்கும். இங்கே உண்ணவோ பருகவோ படம் எடுக்கவோ கூடாது. 16 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை. காரணம் எளிது: 150 கிலோ எடையுள்ள ஒருவர் மேடையிலிருந்து தூக்கி எறியப்பட்டால் அவர் வந்து விழுவது இந்த வரிசைகளின் மேல்தான். கிடைப்பதும் அரிது, முதன்முறை செல்பவர் இதற்காக ஏங்க வேண்டியதில்லை.

அதற்குப் பின்னால் இருப்பவை மாசு எனப்படும் கட்டங்கள். இரும்புக் கம்பியால் தடுத்த சிறு சதுரத்தில், காலணியைக் கழற்றிவிட்டு, நான்கு பேர் தரை மெத்தையில் அமர வேண்டும். கட்டம் முழுவதற்குமாக விலை சுமார் 40,000 முதல் 60,000 யென் வரை. சம்மணமிட்டு உட்காரப் பழகிய நமக்கு இது சுலபம் என்று தோன்றும். ஆனால் பெரியவர்கள் நால்வர் அமர்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும், காலை நீட்ட இடமே இருக்காது. மூன்று மணி நேரத்துக்கு மேல் இப்படி அமர்வது மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தண்டனைதான். இருவருக்கான கட்டம் கிடைத்தால் அதை எடுங்கள்.

மாடியில் நாற்காலி இருக்கைகள். தொலைவையும் கோணத்தையும் பொறுத்து சுமார் 3,500 முதல் 10,000 யென் வரை. அரங்கு செங்குத்தாகச் சரிவதால் மாடியின் முன்வரிசைகளிலிருந்து மேடை முழுவதும் மறைப்பின்றித் தெரியும். தனியாகச் செல்பவருக்கும், பெற்றோரை அழைத்துச் செல்பவருக்கும் இதுவே சிறந்தது. கட்டத்தில் அமர்ந்தால்தான் "உண்மையான அனுபவம்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு அதிகம் செலவழிக்காதீர்கள்.

நாளைப் பொறுத்தவரை, முதல் நாள், நடுநாளான எட்டாம் நாள், இறுதி நாள், மற்ற வார இறுதிகள் ஆகியவை உடனே விற்றுப்போகும். முதல் வாரத்தின் திங்கள் முதல் வியாழன் வரை முயலுங்கள். இது வெறும் சமாதானம் அல்ல. உச்சத் தகுதி பெற்றவர்கள் முதல் வாரத்தில் தங்களுக்குக் கீழே உள்ளவர்களோடுதான் பெரும்பாலும் மோதுகிறார்கள். எதிர்பாராத தோல்விகள் அப்போது அதிகம் நடக்கும். உச்ச வீரர்கள் தமக்குள் மோதுவது தொடரின் கடைசி நாட்களில். ஒரு குறிப்பிட்ட வீரரைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்காதீர்கள். காயம் காரணமாக நடுவில் விலகுவது சுமோவில் அன்றாட நிகழ்வு, அதற்காக யாரும் பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

4. டிக்கெட் வாங்கும் காலை

சுமோ சங்கத்தின் அதிகாரபூர்வ டிக்கெட் தளத்தில் ஆங்கிலப் பக்கம் உண்டு. பொது விற்பனை ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்குத் திறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 6.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 9, கனடாவின் டொராண்டோவில் முந்தைய நாள் இரவு. முன்னதாகவே கணக்கைத் தொடங்கி, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் பதிந்து வையுங்கள்.

பலர் தோற்பது பணம் செலுத்தும் கட்டத்தில். இந்திய வங்கிகள் தரும் அட்டைகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பொதுவாக முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, நாளொன்றுக்கான வரம்பையும் உயர்த்தி, வேறு ஏதாவது சிறிய வெளிநாட்டுக் கட்டணம் ஒன்றைச் செலுத்திச் சோதித்துப் பாருங்கள். ஓடிபி வருவதற்குள் கூடையில் இருந்த இருக்கை கைநழுவிப் போவதும் நடக்கும் என்பதால், வேறொரு வங்கியின் அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விரும்பும் நாள், அது இல்லாவிட்டால் அடுத்த நாள், விரும்பும் வகை, அது இல்லாவிட்டால் அடுத்த வகை என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால், திரையின் முன் யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டியிருக்காது. வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்யவோ நாள் மாற்றவோ முடியாது.

முதல் காலையில் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பணம் செலுத்தாமல் விடப்பட்ட இருக்கைகள் ஒன்றிரண்டாக மீண்டும் தளத்தில் தோன்றும். பயண நிறுவனங்கள் வழிகாட்டியோடும் உணவோடும் சேர்த்து விற்கும் இருக்கைகள் பல மடங்கு விலையானாலும் நம்பகமானவை. மறுவிற்பனைத் தளங்களை மட்டும் தவிருங்கள். டிக்கெட்டுகளை அனுமதியின்றிக் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டம் ஜப்பானில் 2019 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அப்படி ஒரு தளத்தில் நான் விசாரித்தபோது, நாற்காலி இருக்கைக்குக் கட்டத்தின் விலை சொன்னார்கள். எந்த வரிசை என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்களாம்.

5. போவதற்கு முன் இவ்வளவாவது தெரிந்திருக்கட்டும்

விதி எளிமையானது. 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு வெளியே முதலில் கால் வைத்தவரோ, உள்ளங்கால் தவிர உடலின் வேறெந்தப் பகுதியாலாவது முதலில் தரையைத் தொட்டவரோ தோற்றவர். எடைப் பிரிவுகள் கிடையாது. மூடிய கையால் குத்துவது, முடியைப் பிடித்து இழுப்பது, கண்ணைக் குத்துவது, குரல்வளையை நெரிப்பது ஆகியவை தடை செய்யப்பட்டவை. விரித்த கையால் அறையலாம், தள்ளலாம், இடைக்கச்சையான மவாஷியைப் பற்றித் தூக்கலாம். வெற்றி உத்திகள் என 82 பட்டியலிடப்பட்டுள்ளன. நீங்கள் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் பாதி ஆட்டங்கள் புரிந்துவிடும்: கச்சையைப் பற்றி நெருக்கி வெளியேற்றுவது யொரிகிரி, கைகளால் தள்ளி வெளியேற்றுவது ஒஷிதாஷி.

பெரும்பாலான மோதல்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு முன் உப்பை வீசுவதும், குந்தி முறைத்துப் பார்ப்பதும், எழுந்து மூலைக்குப் போவதுமாகச் சில நிமிடங்கள் போகும். உச்சப் பிரிவில் இதற்கு நான்கு நிமிடங்கள் வரை அனுமதி. புதியவர்கள் இந்த நேரத்தில்தான் கைப்பேசியைக் குனிந்து பார்க்கிறார்கள், நிமிரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். நேரம் முடிந்துவிட்டது என்பதை மூலையில் தரப்படும் துண்டைக் கண்டு அறியலாம்: வீரர் துண்டால் முகத்தையும் அக்குளையும் அழுந்தத் துடைத்துக்கொண்டு, கடைசிப் பிடி உப்பை எடுக்கும்போது கூட்டத்தின் இரைச்சல் கூடும். அடுத்த முறை குந்தும்போது நிச்சயம் மோதுவார்கள்.

தகுதி வரிசை தெரியாவிட்டால் ஆட்டத்தின் எடை புரியாது. மொத்தம் ஆறு பிரிவுகள். உச்சமான மாகுஉச்சியில் 42 பேர், அடுத்த ஜூர்யோவில் 28 பேர். இந்த 70 பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம். இவர்கள் 15 நாளும் மோதுவார்கள். கீழ்ப்பிரிவினருக்கு ஒரு தொடரில் ஏழு ஆட்டங்கள்தான். உச்சப் பிரிவுக்குள் மேலிருந்து கீழாக யோகொசுனா, ஓசெகி, செகிவாகே, கொமுசுபி, மயெகஷிரா என்று வரிசை. பொதுவாக 15இல் எட்டு வென்றால் தகுதி உயரும், எட்டு தோற்றால் இறங்கும். ஆகவே ஏழு வெற்றி, ஏழு தோல்வியோடு கடைசி நாளில் நிற்கும் ஒருவரின் ஆட்டம், பட்டத்துக்கான ஆட்டத்துக்குச் சளைத்ததல்ல. யோகொசுனாவுக்கு மட்டும் தகுதி இறங்குவதே கிடையாது; சரியாக ஆட முடியாதபோது அவர் ஓய்வு பெற வேண்டியதுதான். 2025இல் மங்கோலியரான ஹோஷோர்யுவும், அடுத்துச் சில மாதங்களில் ஜப்பானியரான ஓனொசாதோவும் அந்த இடத்துக்கு உயர்த்தப்பட்டார்கள். புறப்படுவதற்கு முன் என்ஹெச்கே வேர்ல்டு ஒளிபரப்பும் ஆங்கிலத் தொகுப்புகளைச் சில நாட்கள் பார்த்துவிட்டால் முகங்கள் பழகிவிடும்.

6. அன்றைய நாளை நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்

கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் காலையிலேயே தொடங்கிவிடும். மாலை 6 மணியளவில் கடைசி ஆட்டம். காலை முதல் மாலை வரை அமர்ந்திருப்பது பெரும் ஆர்வலர்களுக்கே சாத்தியம். பிற்பகல் 2 மணிக்குள் உள்ளே இருந்தால் போதும். 2 மணியைக் கடந்து ஜூர்யோ வீரர்கள் இடுப்பின் முன்னே தொங்கும் அலங்காரத் துணியோடு மேடையேறுவார்கள், 3.40 அளவில் உச்சப் பிரிவினரின் மேடையேற்றம், அதைத் தொடர்ந்து யோகொசுனாவின் தனிச் சடங்கு, 4 மணிக்குப் பிறகு முதன்மை ஆட்டங்கள். இறுதி நாளில் பரிசளிப்புக்காக எல்லாமே ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னதாக நடக்கும். "மாலை ஆட்டம்தானே" என்று 5 மணிக்கு வந்து சேர்பவர்கள் பாதிக்கு மேல் இழந்திருப்பார்கள்.

கொகுகிகானுக்கு அகிஹபாராவிலிருந்து சோபு ரயில் தடத்தில் இரண்டாவது நிறுத்தமான ரியோகொகுவில் இறங்கி, மேற்கு வாயில் வழியே வெளியேறினால் இரண்டு நிமிட நடை. 2 மணிக்குச் சற்று முன் வந்தால், நகரின் பிற பகுதிகளிலிருந்து வீரர்கள் கிமோனோவில் நடந்து வருவதை வாசலருகே காணலாம். படம் எடுக்கலாம், ஆனால் மறித்து நிறுத்தவோ தொடவோ கூடாது.

உணவு விஷயத்தில் சைவர்கள் தயாராகச் செல்ல வேண்டும். அரங்கில் பேர்போனது குச்சியில் கோத்துச் சுட்ட கோழியான யாகிதோரி; தொடர் நாட்களில் கிண்ணத்தில் விற்கும் சாங்கோ குழம்பிலும் கோழியோ மீனோ இருக்கும். வெளி உணவைக் கொண்டுவர அரங்கம் அனுமதிப்பதில்லை என்பதால், மதியம் வயிறார உண்டுவிட்டு உள்ளே செல்வதே வழி. சில்லறை யென்னைக் கையில் வைத்திருங்கள். ஓட்டை இல்லாத காலுறையும் அவசியம்.

7. அரங்கினுள்

நுழைவாயிலில் அன்றைய ஆட்டப் பட்டியலை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். சுவரின் பெரிய பலகையில் பெயர்கள் ஜப்பானிய எழுத்தில் மட்டுமே இருக்கும். கிழக்கு அணி ஒருபுறம், மேற்கு அணி மறுபுறம். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் வென்றவரின் பெயரருகே சிவப்பு விளக்கு எரியும். கைத்தாளையும் விளக்கையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே போனால் எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்பது தவறாது. வெற்றிக்கு வெள்ளை வட்டம், தோல்விக்குக் கறுப்பு வட்டம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் முடிவில் ஐயம் எழுந்தால், மேடையைச் சுற்றி அமர்ந்திருக்கும் கறுப்பு உடை நடுவர்கள் ஐவரும் ஏறிவந்து கலந்து பேசுவார்கள். மேடை நடுவரின் தீர்ப்பு மாற்றப்படலாம், மறு ஆட்டமும் நடத்தப்படலாம். அந்நேரத்தில் எழுந்து போய்விடாதீர்கள். ஆட்டத்துக்கு முன் வண்ணப் பதாகைகள் மேடையைச் சுற்றி வந்தால், அந்த ஆட்டத்துக்கு நிறுவனங்கள் பரிசுத் தொகை வைத்திருக்கின்றன என்று பொருள். வென்றவர் குந்தியபடி கையால் காற்றைக் கீறி, அந்தப் பணம் வைத்த உறைகளை வாங்கிக்கொள்வார்.

யோகொசுனா கீழ்த்தகுதியாளரிடம் தோற்றால் மெத்தைகள் பறந்து வருவதைக் காண்பீர்கள். பழைய பழக்கம்தான், ஆனால் அரங்க விதிப்படி தடை செய்யப்பட்டது, நீங்கள் எறியாதீர்கள். கடைசி ஆட்டத்துக்குப் பின் வில் சுழற்றும் சடங்கு ஒன்று உண்டு. ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நிலையத்தில் நெரிசல் எப்படியும் அரை மணி நேரம் இருக்கும், அமர்ந்தே பாருங்கள்.

8. டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு

வீரர்கள் தங்கிப் பயிலும் பயிற்சிக்கூடங்கள் பல ரியோகொகுவைச் சுற்றியே இருக்கின்றன. காலைப் பயிற்சி பொதுவாக 7 மணியிலிருந்து 10 மணி வரை. சில கூடங்கள் வழிகாட்டியோடு வரும் சிறு குழுவை அனுமதிக்கின்றன. பயண நிறுவனங்கள் இதற்கு ஒருவருக்குச் சுமார் 10,000 யென்னும் அதற்கு மேலும் வாங்குகின்றன. உள்ளே பேசக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது, உள்ளங்காலை மேடையை நோக்கி நீட்டக் கூடாது, நடுவில் எழுந்து வெளியேறவும் கூடாது. நிஹொன்பாஷி ஹமாச்சோவிலுள்ள அராஷியோ கூடம், தெருவோரக் கண்ணாடிச் சாளரம் வழியே பயிற்சியைப் பார்க்க இடமளித்துப் பெயர் பெற்றது.

இங்கும் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். மார்ச், ஜூலை, நவம்பரில் எல்லாக் கூடங்களும் தொடர் நடக்கும் ஊருக்கு இடம்பெயர்ந்துவிடுவதால் டோக்கியோவில் பயிற்சி இருக்காது. ஒவ்வொரு தொடரும் முடிந்தபின் ஏறத்தாழ ஒரு வாரம் ஓய்வு. ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் மாதங்களில் உயர்பிரிவு வீரர்கள் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் நடத்துகிறார்கள்; ஜுங்யோ எனப்படும் இவற்றில் வெற்றி தோல்வி தகுதியில் சேராது, ஆனால் டிக்கெட் பெறுவது பெருந்தொடரைவிட எளிது, வீரர்களை நெருக்கத்தில் காணவும் முடியும். ஊர்களும் தேதிகளும் சங்கத்தின் தளத்தில் முன்கூட்டியே வெளியாகும். டிக்கெட்டை அந்தந்த ஊர் ஏற்பாட்டாளர்கள் தனியாக விற்பதாலும், சில இடங்களில் ஜப்பானிய மொழிப் பக்கம் மட்டுமே இருப்பதாலும், விடுதி வரவேற்பாளரிடமோ ஜப்பானில் வசிக்கும் நண்பரிடமோ உதவி கேட்டு வாங்குவது நல்லது.